சாய்வெயிலில் தெரியும் சால்கள்

விமானம் ஓட்டுதலைப் பொருளாகக் கொண்ட இலக்கியத்தைப் புரட்டிப் பார்த்தால் புயல், பாலை, இரவு, மரணம் ஆகிய நான்குமே திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. நம்மவர்க்குக் 'குட்டி இளவரசன்' வாயிலாக அறிமுகமான செந்த்-எக்சுபெரி 1931-இல் எழுதிய இரவுப் பறத்தல் நாவலிலும், 1939-இல் வெளியிட்ட நினைவுநூலிலும் விமானம் என்பது மனிதன் தன்னைச் சோதித்துக்கொள்ளும் களம். அஞ்சல் பை உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும், விமானி திரும்பி வராமல் போகலாம். இந்த வீர மரபின் பெருமையைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் அதன் நிழலில் சிறு பறத்தல் ஒன்று எழுதப்படாமலே போயிற்று என்பது நம் கட்சி. எங்கும் போகாத பறத்தல் அது. கிளம்பிய ஓடுதளத்துக்கே அரைமணியில் திரும்பிவிடுவது, எந்த அஞ்சலையும் சுமக்காதது, இன்பத்துக்காக மட்டுமே என்று வெட்கமின்றி ஒப்புக்கொள்வது.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1932 முதல் 1935 வரை ஆலன் காபம் தம் விமானக் குழுவை ஊர் ஊராகக் கொண்டு சென்று, மாடு மேய்ந்த புல்வெளிகளிலிருந்து சாதாரண மக்களைச் சில ஷில்லிங் கட்டணத்தில் மேலே ஏற்றி இறக்கினார். கடைக்காரர்களும் பண்ணையாட்களும் பள்ளிப் பிள்ளைகளும் தங்கள் ஊரை மேலிருந்து பார்த்த முதல் தலைமுறை அது. அவர்களில் எழுதியவர்கள் மிகச் சிலர். அதே பத்தாண்டில் டேவிட் கார்னெட் (1932), டி.எச். வைட் (1936) ஆகிய இருவரும் விமானம் ஓட்டப் பழகிய நாட்களை நாட்குறிப்பாக எழுதினார்கள். இருவரும் நன்றாக எழுதினார்கள் என்றாலும் அந்த வழி பெரிதாகத் தொடரப்படவில்லை. வேடிக்கை என்னவென்றால், சிறு விமானத்தில் அமர்ந்து கீழே பார்ப்பதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆகச் சிறந்த கட்டுரைகளில் ஒன்று வர்ஜீனியா உல்ஃப் எழுதியது. லண்டன் மீது பறப்பதைப் பக்கம் பக்கமாக விவரித்துவிட்டு, விமானம் கிளம்பவே இல்லை என்று முடிவில் அவர் சொல்லிவிடுகிறார். அவர் வாழ்நாளில் விமானம் ஏறியதே இல்லை.

நம் இலக்கியத்திலோ ஏறியவள் ஒருத்தி இருக்கிறாள். சீவக சிந்தாமணியின் விசயை. சச்சந்தன் தச்சனைக் கொண்டு மயிற்பொறி செய்வித்து, அதை ஓட்டவும் அவளுக்குப் பழக்கினான். அந்தப் பழக்கப் பறத்தல் உல்லாசப் பறத்தலே. பின்னர் அரசு கவிழ்ந்த நாளில் அதே பொறி அவளைச் சுடுகாட்டில் கொண்டுபோய் இறக்கியதைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். முன்னதை மறந்துவிட்டோம். கம்பனில் இராமன் புட்பக விமானத்திலிருந்து சீதைக்குக் கீழே உள்ள இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வருகிறான். மேலிருந்து பார்த்தல் என்பது அங்கே காட்சியன்று. நடந்து முடிந்தவற்றைத் திரும்பச் சொல்லுதல். இன்ன இடத்தில் இன்னது நடந்தது என்று நிலத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல்லும் அந்த முறையை மனத்தில் வைத்துக்கொண்டே பின்வருவதை வாசிக்கக் கேட்கிறோம்.

சென்ற சில ஆண்டுகளில் நாம் இங்கிலாந்தின் நடுநிலப் பகுதியில், நார்த்தாம்டன்ஷயரின் மீது, குளிர்காலத்தில் இப்படிச் சில முறை பறந்திருக்கிறோம். தனியார் உரிமம் பெற்ற நண்பர் ஓட்டுவார், செலவைப் பங்கிட்டுக்கொள்வோம். சட்டம் இதை அனுமதிக்கிறது. விமானம் செஸ்னா 172. நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின். 1955-இல் முதன்முதலில் பறந்து, நாற்பதாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டு, உலகிலேயே மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம் என்ற பெயரை எடுத்தது. ஆடம்பரம் ஏதுமில்லை. கதவு பழைய காரின் கதவைப் போல் தகரச் சத்தத்துடன் சாத்திக்கொள்ளும். வெப்பமூட்டி ஒரு காலுக்கு மட்டும் அருள்பாலிக்கும். ஆனால் இதன் இறக்கை தலைக்கு மேலே இருக்கிறது. கீழே பார்ப்பதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஏன் குளிர்காலம் என்று கேட்கலாம். கோடையில் மேலே போவதுதானே இன்பம்? விமானிகளைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, இறக்கை அதை நன்றாகப் பற்றிக்கொள்கிறது, எஞ்சினும் கூடுதல் வலு காட்டுகிறது, விமானம் விறுவிறுவென்று ஏறுகிறது. நிலம் சூடேறிக் காற்று கொப்பளித்து எழும் கோடைக் குலுக்கலும் இல்லை. வடக்கிலிருந்து துருவக் காற்று வந்து வானத்தைக் கழுவிவிட்டுப் போன மறுநாள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிலம் தெளிந்து கிடக்கும். இதற்கெல்லாம் விலையும் உண்டு. இரவில் இறக்கையில் படிந்த உறைபனியைச் சுத்தமாக நீக்காமல் கிளம்பக் கூடாது. உப்புத்தாள் அளவு சொரசொரப்பே இறக்கையின் தூக்குவிசையைக் கெடுத்துவிடும். ஈரக்காற்றில் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி கட்டி எஞ்சின் திணறலாம் என்பதால் விமானியின் கை அடிக்கடி அந்தச் சூட்டுக் குமிழைத் தேடிப் போகும். பகல் எட்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். புல் ஓடுதளங்கள் சேறாகிக் கிடக்கும். பத்து நாள் குறித்து வைத்தால் இரண்டு நாள் பறக்கலாம், அவ்வளவுதான்.

நமக்கான காரணம் வேறு. அது வெயிலின் சாய்வு.

டிசம்பர் இறுதியில் அந்த அட்சரேகையில் நண்பகல் சூரியன்கூட அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 15 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. ஜனவரி நடுவில், பிற்பகல் இரண்டரை மணிக்கு, அது 10 பாகையை ஒட்டி நிற்கும். அந்தச் சாய்வில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல் ஐந்து மடங்குக்கு நீளும். ஒரு முழ உயரமுள்ள மண்மேடு, நடந்து போகிறவன் கால் தடுக்காமல் கடந்துவிடக்கூடிய மேடு, ஐந்து முழ நிழலை எறிகிறது. கோடையில் உயரப் புல்லும் உச்சி வெயிலும் சேர்ந்து மறைத்துவிடும் அந்த மேடு, மாடு கடித்துத் தேய்ந்த குளிர்காலப் புல்லில், இலையுதிர்த்த மரங்களுக்கிடையில், கறுப்பு மையில் எழுதியதுபோல் எழுந்து வருகிறது.

ஆயிரத்து ஐந்நூறு அடியில் பறக்கும்போது முதலில் கண்ணில் படுபவை நாம் எதிர்பார்த்தவையே. தேவாலயக் கூம்பு, செங்கல் வீடுகள், நீர்த்தேக்கம் ஒன்றின் ஈயநிறப் பரப்பு, 1959-இல் திறக்கப்பட்ட எம்1 நெடுஞ்சாலையில் ஊரும் வண்டிகள், குளிர்காலக் கோதுமையின் இளம்பச்சை. பின்னர் விமானி மெல்ல ஒரு வட்டம் திருப்புகிறார். சூரியனை எதிர்நோக்கும் பக்கத்துக்கு வந்ததும், இதுவரை வெறும் பச்சைத் துணியாகக் கிடந்த மேய்ச்சல் நிலம் சட்டென்று விலாவெலும்பு காட்டுகிறது. ஒன்றையொட்டி ஒன்றாக, இணையிணையாக, பத்து, இருபது, நாற்பது வரிகள். விமானம் இன்னும் கொஞ்சம் திரும்பினால் அத்தனையும் மறைந்துபோகின்றன. மீண்டும் திரும்பினால் மீண்டும் வருகின்றன. இரண்டு நிமிடத்துக்குள் ஒரே வயல் இருமுறை எழுதப்பட்டு இருமுறை அழிக்கப்படுவதைப் பார்க்கலாம். உறைபனி விழுந்த காலைகளில் இன்னொரு காட்சி உண்டு. வெயில் படும் சரிவில் பனி உருகிவிட, பள்ளங்களில் மட்டும் வெள்ளைக் கோடு தங்கியிருக்கும்.

இவை என்ன? நம் உழவர் மொழியில் சொல்வதானால் பாரும் சாலும். ஆனால் இந்தப் பருவத்தில் போட்டவை அல்ல. பல நூற்றாண்டுகளுக்கு முன்பு உழுதவை. நம் நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறி இருபுறமும் ஒதுக்கிச் செல்வது. ஐரோப்பாவின் இடைக்காலக் கனத்த கலப்பையோ அறுத்த மண்ணை எப்போதும் வலப்புறமாகவே புரட்டிப் போடும். ஒரு துண்டின் நடுவில் தொடங்கி வலமாகச் சுற்றிச் சுற்றி உழுதால் மண் நடுவை நோக்கியே குவியும். இப்படி ஆண்டுக்கணக்கில், தலைமுறைக் கணக்கில் உழுததில் ஒவ்வொரு துண்டும் முதுகு உயர்ந்து நின்றது. இடையில் விழுந்த பள்ளம் அந்தக் களிமண் பூமிக்கு வடிகாலாக உதவிற்று. எட்டு எருதுகள் வரை பூட்டிய நீண்ட ஏரை வயலின் ஓரத்தில் சட்டென்று திருப்ப முடியாதல்லவா? ஓரம் வருவதற்கு முன்பே திருப்பத் தொடங்க வேண்டும். அதனால் அந்த வரிகள் நேராக இல்லாமல், கண்ணாடியில் பார்த்த 'எஸ்' எழுத்தைப் போல் மிக மெல்ல வளைந்திருக்கும். எருதுகளின் நடை அப்படியே நிலத்தில் படிந்திருக்கிறது. நம் சாலைக் கற்களில் தாத்தாக்கள் எண்ணிய ஃபர்லாங் என்ற அளவே ஒரு உழவுச்சாலின் நீளம் என்ற பொருளில் பிறந்த சொல்தான். 220 கெஜம்.

இந்த இடத்தில்தான் நம் பேச்சின் முள் இருக்கிறது. உழவு தொடர்ந்து நடந்த நிலத்தில் இந்தத் தடங்கள் தங்குவதில்லை. புதிய உழவு பழைய உழவை அழித்துவிடும். உழவு நின்றுபோன இடத்தில்தான் உழவின் தடம் நிலைத்தது. உழவு ஏன் நின்றது? 1348-49-இல் கொள்ளைநோய் வந்து ஊர்களை வெறுமையாக்கியது. அடுத்த நூற்றாண்டில் கம்பளி விலை உயர, கூலியாள் பலர் வேண்டிய தானியத்தைவிட இடையன் ஒருவன் போதுமான ஆடு இலாபம் என்று நிலவுடைமையாளர்கள் கண்டுகொண்டார்கள். ஊர்களே கலைக்கப்பட்டன. பின்னர் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஒரு நூறாண்டுக் காலம், நாடாளுமன்றச் சட்டங்களின் துணையோடு, எஞ்சிய திறந்த வயல்களும் பொது மேய்ச்சல் நிலங்களும் வேலியடைக்கப்பட்டன. துண்டு துண்டாகப் பலரும் உழுத நிலம் சிலருடைய சதுரங்களாயிற்று. அவற்றில் பெரும்பகுதி புல்லுக்கு விடப்பட்டது. புல் ஒரு போர்வையாகி, கீழே இருந்த சால்களைக் காத்துக் கொடுத்தது. மேலிருந்து பார்த்தால் இந்த அடுக்கு வெளிப்படையாகத் தெரிகிறது. வளைந்தோடும் பழைய வரிகளின் குறுக்கே, அவற்றைச் சட்டை செய்யாமல், அளவுநாடா பிடித்ததுபோல் நேராக ஓடுகிறது முள்வேலி. வேலியின் இந்தப் பக்கம் தொடங்கிய பார் அந்தப் பக்கமும் அதே வளைவில் தொடர்கிறது. வேலி பின்னால் வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆக, நம்மை 'ஆ' என்று சொல்லவைக்கும் அந்த அழகு, வெளியேற்றப்பட்டவர்களின் கையெழுத்து. அந்த நிலத்தில் உழுதவர்கள் போகாதிருந்தால் நமக்கு இந்தக் காட்சி இல்லை. இதைத் தெரிந்துகொண்டபின் அந்த அரைமணி நேர இன்பம் முன்போல் இருப்பதில்லை. குறைந்துவிடுகிறது என்று சொல்லமாட்டோம். கனக்கிறது.

ஜான் கிளேரை வாசித்தவர்களுக்கு இது புதிதல்ல. 1793-இல் அன்றைய நார்த்தாம்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்த பண்ணைக்கூலி அவர். அவருடைய ஊரின் நிலங்களை வேலியடைக்கும் சட்டம் 1809-இல் நிறைவேறியது. தாம் சிறுவனாகத் திரிந்த திறந்தவெளி துண்டாடப்படுவதை அருகிலிருந்து பார்த்தார். அந்த வேலை நடந்த காலத்தில் வேலியடைக்கும் கூலியாகவும் இருந்தார் என்பது கொடுமையிலும் கொடுமை. வாழ்வின் கடைசி இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளை நார்த்தாம்டன் மனநோய் விடுதியில் கழித்து 1864-இல் இறந்தார். ஆங்கில நிலக்காட்சிக் கவிதையில் கிளேரின் தனித்தன்மை அவருடைய பார்வை மட்டத்தில் இருக்கிறது என்பது நம் எண்ணம். குன்றேறி நின்று பரந்த காட்சியை வருணிக்கும் கனவான் கவிகளின் காலத்தில், அவர் பறவைக்கூட்டின் உயரத்திலும் புல்லின் உயரத்திலும் நின்று எழுதினார். அப்படிப்பட்டவரை நினைத்துக்கொண்டு ஆயிரத்து ஐந்நூறு அடியில் பறப்பது முரண்தான். மேலிருந்து பார்ப்பது எசமானனின் பார்வை அல்லவா என்று அவர் கேட்டிருக்கலாம்.

அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. மேலிருந்து பார்த்தவர்களின் பட்டியல் நற்சான்று தருவதாக இல்லை. ஓ.ஜி.எஸ். கிராஃபர்ட் வான்வழித் தொல்லியலின் தந்தைகளில் ஒருவர். முதல் உலகப் போரில் வேவு விமானத்தில் பார்வையாளராகப் பறந்தவர், 1918-இல் சுட்டு வீழ்த்தப்பட்டு ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர். இரண்டாம் போரில் குண்டு வீச இலக்குத் தேடி ஜெர்மானியர் இங்கிலாந்தின் மீது எடுத்த படங்களும் இன்று தொல்லியலாளரின் மேசையில் பயன்படுகின்றன. கிரகாம் கிரீன் திரைக்கதை எழுதிய 'மூன்றாவது மனிதன்' (1949) படத்தில் ராட்டினத்தின் உச்சியிலிருந்து கீழே ஊரும் மனிதர்களைப் புள்ளிகளாகக் காட்டிப் பேசும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். உயரம் மனிதனைப் புள்ளியாக்குகிறது. புள்ளியை அழிப்பது எளிது.

ஆனால் எல்லா உயரமும் ஒன்றல்ல என்பதே நம் பதில். முப்பத்தைந்தாயிரம் அடியில் பறக்கும் பயணிகள் விமானத்துக்கு நிலம் என்பதே இல்லை. மேகமும் திரையில் ஓடும் படமும்தான். சிறு விமானம் மனிதர்களுக்கும் கட்டடங்களுக்கும் 500 அடிக்கு நெருங்கிவரக் கூடாது, ஊர்களின் மீது 1000 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. அந்த விதிக்குச் சற்று மேலே உள்ள அடுக்கில் மனிதன் புள்ளியாவதில்லை. துணி உலர்த்துபவள் துணி உலர்த்துபவளாகவே தெரிகிறாள், நாய் நாயாகவே ஓடுகிறது, யாரோ ஒருவர் நெற்றியில் கைவைத்து நம்மை அண்ணாந்து பார்க்கிறார். அதே சமயம் அவர் நிற்கும் வயலின் அறுநூறு ஆண்டும் தெரிகிறது. அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கிராஃபர்டே இதற்கு ஓர் எளிய உவமை சொல்லியிருக்கிறார். விரிப்பின் மீது நிற்கும் பூனைக்கு நூல்கள்தான் தெரியும். நாற்காலியில் அமர்ந்திருக்கும் மனிதனுக்குப் பூவேலை தெரியும். பூனை குறைந்தது என்று இதற்குப் பொருளில்லை. நாற்காலியின் உயரம் போதும், கூரையின் உயரம் வேண்டாம் என்றே நாம் அதைப் படிக்கிறோம்.

கிராஃபர்ட் 1924-இல் அலெக்சாண்டர் கெய்லருடன் பறந்து எடுத்த படங்களைத் தொகுத்து 1928-இல் 'வானிலிருந்து வெசெக்ஸ்' நூலை வெளியிட்டார். கெய்லர் மார்மலேடு விற்றுச் செல்வம் சேர்த்த குடும்பத்தவர். அந்தச் செல்வம் இப்படிச் செலவானதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் நம் தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது கில்பர்ட் இன்சாலின் கதை. 1925 டிசம்பரில், விமானப்படை அதிகாரியான அவர் ஸ்டோன்ஹெஞ்ச் அருகே சாப்வித் ஸ்னைப் என்ற ஒற்றை இருக்கை விமானத்தில் ஏறத்தாழ 2000 அடியில் பறந்துகொண்டிருந்தார். கீழே உழுத வயலில் ஒரு வட்டமும் அதற்குள் வெள்ளைச் சுண்ணப் புள்ளிகளும் கண்ணில் பட்டன. பழைய புதைமேடு ஒன்று உழவில் தேய்ந்துபோய்க் கிடக்கிறது என்றே அதுவரை எண்ணியிருந்தார்கள். அடுத்த கோடையில் அங்கே கோதுமை வளர்ந்தபோது, முன்பு குழி தோண்டப்பட்ட இடங்களில் பயிர் செழித்து, புள்ளிகள் வரிசை கட்டித் தெரிந்தன. மாட் கன்னிங்டன் தம்பதியர் அகழ்ந்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு நீள்வட்டங்களில் மரக்கம்பங்கள் நட்ட குழிகள் வெளிப்பட்டன. இன்று உட்ஹெஞ்ச் என்று அழைக்கப்படும் இடம் அதுதான். நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அதன்மீது நடந்தவர்கள் எத்தனை பேர்!

பொழுதுபோக்குப் பறத்தலுக்கு எதிரான வலுவான வாதம் அழகியலில் இல்லை, எண்ணெயில் இருக்கிறது. இதையும் பேசிவிடுவோம். செஸ்னா 172 மணிக்கு முப்பது லிட்டருக்கும் மேல் குடிக்கும். அரைமணிக்குப் பதினாறு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எஞ்சின்களில் மிகப் பல இன்னமும் ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடுகின்றன. அதில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அதாவது ஒரு உல்லாசச் சுற்றுக்கு ஒன்பது கிராம் வரை ஈயத்தை அந்த அழகிய நாட்டுப்புறத்தின் மீதே தூவிவிட்டு வருகிறோம். சாலை வண்டிகளுக்கான ஈய பெட்ரோல் பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டோடு பொது விற்பனையிலிருந்து போய்விட்டது. விமானங்களில் ஈயமில்லா எரிபொருள் வந்திருக்கிறது, ஆனால் எல்லா ஓடுதளங்களிலும் கிடைப்பதில்லை, எல்லா எஞ்சினுக்கும் ஒத்துக்கொள்வதுமில்லை. ஞாயிற்றுக்கிழமை அமைதியை விரும்பும் ஊர்க்காரருக்கு நம் எஞ்சின் ஓசை எவ்வளவு இனிமையானது என்பதையும் யோசிக்க வேண்டும். வாராவாரம் இதைச் செய்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. குளிர்காலத்துக்கு ஒன்று, அதுவும் நண்பர் தம் உரிமத்தைத் தக்கவைக்க எப்படியும் பறந்தாக வேண்டிய மணிக்கணக்கில் ஒட்டிக்கொள்வது என்று நாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அது சரியான கணக்கா என்று வாசகர்கள் சொல்லட்டும்.

'லிடார் இருக்கும்போது எதற்கு இதெல்லாம்?' என்று நண்பர் வட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விமானத்திலிருந்து லேசர் கதிர்களை எறிந்து நிலத்தின் உயரத்தை அளந்து வரைந்த படங்களை இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2015 முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்திருக்கிறது. வீட்டில் தேநீரோடு அமர்ந்து, விரும்பிய திசையில் சூரியனை வைத்து, விரும்பிய சாய்வில் வெயிலை வீசச் செய்து, காட்டு மரங்களை உரித்துவிட்டுக்கூட அடியிலுள்ள மேடுபள்ளத்தைப் பார்க்கலாம். கண் தவறவிடுவதை அது பிடித்துவிடும். ஆய்வுக்கு அதுவே மேல் என்பதில் ஐயமில்லை. ஈயமும் இல்லை. ஆனால் லிடாரின் சூரியன் மறைவதில்லை. மூன்று மணிக்கு மேல் வெயில் சாயச் சாய வரிகள் கறுத்து, பின்பு எல்லாம் ஒரே நிழலாகி, விமானி கடிகாரத்தைப் பார்த்து, இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும் என்று திருப்பும்போது, பார்த்துக்கொண்டிருந்த ஊர் கண்முன்னே திரும்பவும் புல்லாகிவிடுகிறதே, அந்த இழப்பை எந்தக் கணினித் திரையும் தருவதில்லை. தகவல் வேறு, வாசிப்பு வேறு என்று சொன்னால் இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குப் புரியும்.

வாசிப்பு என்று சொன்னது அலங்காரத்துக்கல்ல. 1954-இல் மாரிஸ் பெரஸ்ஃபர்ட் 'இங்கிலாந்தின் தொலைந்த ஊர்கள்' என்ற நூலை எழுதினார். அதுவரை வரலாற்றாசிரியர்கள் பலர் இப்படித் தொலைந்த ஊர்கள் அதிகம் இருக்க முடியாது என்றே நம்பியிருந்தார்கள். பெரஸ்ஃபர்ட் வரிப் பட்டியல்களையும் பழைய நில வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு, வான்படங்களோடு ஒத்துப் பார்த்தார். கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜோசப்புடன் சேர்ந்து 1958-இல் இடைக்கால இங்கிலாந்தின் வான்வழி நூலை வெளியிட்டார். இடையில், 1955-இல், டபிள்யூ.ஜி. ஹாஸ்கின்ஸ் ஆங்கில நிலக்காட்சி எப்படி உருவாயிற்று என்ற புகழ்பெற்ற நூலை எழுதினார். வரலாற்று நூல்களிலே இத்தனை நல்ல உரைநடை அபூர்வம். இவர்களுக்குப் பின் அந்த நிலத்தைப் பார்ப்பவர் எவரும் வெறும் பச்சையைப் பார்க்க முடியாது. நாவலாசிரியர்களும் கவிஞர்களும் இந்த வாசலில் இவர்களைவிடப் பிந்திவிட்டார்கள் என்பது நம் மனக்குறை.

குறையைச் சொல்லும்போதே அவசரத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உணவுக்காக மேய்ச்சல் நிலங்கள் பெருமளவில் உழப்பட்டன. போருக்குப் பின் மானியங்களும் டிராக்டர்களும் அந்த வேலையைத் தொடர்ந்தன. நடுநிலப் பகுதியில் 1940-களின் வான்படங்களில் வரிவரியாகத் தெரியும் நிலங்களில் மிகப் பெரும்பாலானவை இன்று வழுவழுப்பான கோதுமை வயல்கள். அறுநூறு ஆண்டு தாங்கிய வரியை அழிக்கச் சில பருவங்களின் ஆழ உழவு போதும். எஞ்சியவற்றிலும் பெரும்பகுதிக்குத் தொல்சின்னம் என்ற பாதுகாப்பு இல்லை. உழவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமையில்லை. உழுத தடத்தைக் காக்க உழவனை உழாதே என்பது விசித்திரமான கோரிக்கை. புல்லாகவே வைத்திருப்பதற்கு உதவித்தொகை கொடுத்த திட்டங்கள் இருந்திருக்கின்றன. தானிய விலை ஏறும் ஆண்டுகளில் அந்தத் தொகை எவ்வளவு தாங்கும் என்பது வேறு விஷயம்.

பக்கிங்ஹாம்ஷயரில் பேட்பரி என்று ஓர் ஊர். அதன் திறந்த வயல்களுக்கு 1591-இல் வரைந்த வரைபடம் ஒன்று உண்டு. ஆக்ஸ்ஃபர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரிக்காக வரைந்தது. ஒவ்வொரு உழவுத் துண்டும் தனித்தனிக் கோடாக, அதன் வளைவு உள்பட, அதில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் அதே ஊரின் மீது எடுத்த வான்படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கோடும் நிழலும் வரிக்கு வரி பொருந்தின.